மறைத்து வைத்த ஸ்லைட்

புரொஜெக்டர் சூடேறினால் தூசி கருகும் மணம் வரும். நாலாம் வகுப்பில் எங்களுக்குக் "கொம்பியூட்டர் பாடம்" என்றால் முதலில் அந்த மணந்தான். இருந்தது ஒரேயொரு மடிக்கணினி, அதுவும் றமீசா டீச்சர் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவது. ஆகவே தொட்டுப் படிக்க முடியாததையெல்லாம், கரும்பலகைக்கு மேல் கட்டிய வெள்ளைப் "பெட்சீற்"றில் ஸ்லைட் ஸ்லைட்டாகப் பார்த்தே படித்தோம். துறைமுகக் காற்று ஜன்னலால் புகுந்தால் துணியில் விழுந்த விசைப்பலகைப் படம் வயிறு ஊதி எழும்பும், நாங்கள் சிரிப்போம்.

"மவுஸ்" பிடிக்கும் முறையைக் காட்டும் ஸ்லைட்டில் எங்கள் வகுப்புத் தர்ஷிகா இருந்தாள். டீச்சர் படமெடுக்கையில் ரிஸ்வான், "கடிக்கும், கவனம்" என்று சொல்ல, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டாள். அந்த மாரியில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கியபோது, டீச்சர் மறந்துபோனாரோ என்னவோ, பழைய பாடத்தை மீட்டுகையில் அந்த ஸ்லைட் வந்து நின்றது. காற்றும் வந்தது. துணி எழும்பித் தாழ, தர்ஷிகாவின் கன்னமும் எழும்பித் தாழ்ந்தது.

"டீச்சர், அவ மூச்சு விடுறா," என்றான் ரிஸ்வான். அது பகிடி இல்லை.

மறுநாள் பெற்றோர் வந்தார்கள். "பிள்ளையள் நித்திரையில கத்துதுகள், அதை எடுத்துப் போடுங்கோ." கதை தர்ஷிகாவின் அம்மாவுக்கும் எட்டியிருந்தது. அவர் வந்து ஒருதரம் பார்க்கக் கேட்டார். டீச்சர் படத்தை அச்செடுத்துக் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வடிவு டீச்சர். ஆனா இதில மூச்சு இல்லையே."

டீச்சர் ஸ்லைட்டை அழிக்கவில்லை, மறைத்துவைத்தார். வகுப்பில் ஆறாவது ஸ்லைட்டுக்குப் பிறகு எட்டாவது வரும். அந்த இடத்தில் எல்லோரும் குனிந்துகொள்வோம். மணியடித்த பிறகு, துணி மடிக்க நின்ற எனக்கு முன்னாலேயே, தர்ஷிகாவின் அம்மா முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து அந்த ஏழாவது ஸ்லைட்டைப் பார்ப்பார். காற்று விழுந்தால் மறுபடி எழும்வரை காத்திருப்பார்.

இப்போது நான் சனிக்கிழமைகளில் அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். ஓய்வு பெற்ற டீச்சர் தன் பாடங்களையெல்லாம் எனக்கே அனுப்பியிருந்தார். ஏழாவது ஸ்லைட் மறைத்தபடியே இருந்தது. அதைக் கேள்விப்பட்டுத் தர்ஷிகாவின் அம்மா போன மாதம் வந்தார். ஏசி அறை, சுவரில் பதித்த பெரிய தொடுதிரை. படம் பளிச்சென்று, கல்லைப்போல நின்றது.

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி," என்றேன் அவசரமாக. படத்தை அசையவைக்கும் செயலி என் போனில் இருந்தது. எத்தனை நாளாக அதைப் பற்றி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்! சற்று நேரத்தில் தர்ஷிகா மூச்சு விட்டாள். கண்கூடச் சிமிட்டினாள்.

அவர் எழும்பிவிட்டார்.

"நிப்பாட்டு பிள்ளை. இது நீ ஆட்டுறது."

நிறுத்தினேன். அவர் போனபிறகு ஜன்னல்களைப் பார்த்தேன். ஏசிக்காக எல்லாவற்றையும் கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே வேம்பு ஆடிக்கொண்டிருந்தது.