ஒட்டகத்தின் காதைப் பொத்துகிறவர்

விருந்தாளி தொண்டையைச் செருமினாலே லுவ்சான் மாமா எழுந்து வெளியே போய்விடுவார். கதை தொடங்கப்போகிறது என்று அர்த்தம். கூடாரத்துக்கு வெளியே படுத்திருக்கும் கிழட்டுப் பெண் ஒட்டகத்தின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நிற்பார். முயல் சிரித்துச் சிரித்து உதடு கிழிந்த கதை என்றால் கையை எடுத்துவிடுவார், அதுவும் கேட்கட்டுமே. ஒட்டகத்தின் கொம்பை மான் விருந்துக்கென்று இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத கதைதான் ஆகாது. "பறிகொடுத்தவ முன்னாடி பேசுற பேச்சா இது?" என்பார்.

எங்கள் கோபிப் பாலையில் எல்லா ஒட்டகமும் தண்ணீர் குடிக்கையில் நடுவில் தலையைத் தூக்கித் தொலைவைப் பார்க்கும். மான் வருகிறதா என்று பார்க்கிறது என்போம். சொல்லிவிட்டு வேலையைக் கவனிப்போம். மாமா மட்டும் கூடவே நின்று பார்ப்பார். "இன்னிக்கும் வரல, விடு" என்று கழுத்தைத் தட்டுவார்.

அவர் மனைவி நோர்ஜின் அத்தைக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "உங்க அம்மா பேசுறப்ப என் காதை ஒருநாள் பொத்தியிருக்கலாம்ல?"

போன இலையுதிர் காலத்தில் குளிர்கால இடத்துக்குக் கிளம்பிய காலை அது. கூடாரத்தைப் பிரித்து, கழியும் கம்பளமுமாக அந்த ஒட்டகத்தின் மேல் ஏற்றியாயிற்று. வடக்கே பனிமேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் மலையடிவாரம் சேராவிட்டால் ஆடுகள் பிழைக்காது. மாமாவின் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகிற சம்பந்தி தோர்லிக் தன் வீட்டுப் பெண்களோடு உதவிக்கு வந்திருந்தார். உதவியாக, உப்புத் தேநீரை உறிஞ்சியபடி ஒட்டகத்தின் மூக்குக்கு நேரே நின்று அந்தக் கதையைச் சொன்னார். மான் பேசுவது போலவும் பேசிக் காட்டினார். மாமா கயிறு முடிந்துகொண்டிருந்தார். இரண்டு கையும் ஒழியவில்லை.

ஒட்டகம் எழுந்திருக்கவில்லை. இழுத்தோம், தள்ளினோம். சம்பந்தி கெஞ்சிப் பார்த்தார்; அதன் பதில் பச்சை எச்சிலாக அவர் சட்டையில் வந்து விழுந்தது. வயதாகிவிட்டது, பாரம் தாங்கவில்லை என்றார் அவர்.

"பாரம் இல்ல சம்பந்தி. மனசு."

முதல் பனித்துகள் விழுந்தது. மாமா விறகுக் கட்டிலிருந்து பச்சை மாறாத இரண்டு கிளைகளை உருவிக்கொண்டு மேட்டுக்குப் பின்னால் போனார். திரும்பும்போது பக்கத்துக்கு ஒன்றாகத் தலையில் பிடித்தபடி துள்ளித் துள்ளி வந்தார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். அத்தை மூடவில்லை.

ஒட்டகத்தின் முன் மண்டியிட்டு, "லேட்டாயிடுச்சு அக்கா. விருந்து இப்பத்தான் முடிஞ்சது," என்றார்.

அது வெகுநேரம் முகர்ந்தது. பிறகு இடக்கொம்பைக் கடித்து இழுத்து, மென்றபடியே எழுந்தது.

மாமா ஒரு கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னே நடந்தார். மற்றக் கை, வலக்கொம்பைத் தலையிலிருந்து இறக்கவேயில்லை.