கியூபாக் குசினியிலை ஒரு மன்னார்க்காரி

குசினியிலை நிக்கிற ஆக்களுக்கு ஒரு பொல்லாத வருத்தம் இருக்கு: தான் சமைச்சதை மற்ற ஆள் வாயிலை வைக்கேக்கை அந்த முகத்தை எட்டிப் பாராமல் இருக்கேலாது. கால் வீங்கினாலும் கை வெந்தாலும் இந்த வருத்தம் மாறாது. ரெஸ்டோரன்ற், கோயில் திருநாள், கலியாண வீடு எண்டு எங்கையாவது நாலு பேருக்குச் சமைச்சுப் போட்டவைக்கு நான் சொல்லுறது விளங்கும். மற்றவை சும்மா சிரிச்சுப்போட்டுப் போங்கோ.

நான் ஜெசிந்தா. ஊர் மன்னார். இத்தாலியிலை பலெர்மோவுக்கு வந்து கனகாலம் சினோராமார், அதுதான் இத்தாலி அம்மாமாரின்ரை வீடுகளிலை பாத்ரூம் உரஞ்சினன். பேந்து அல்பெர்கேரியாவிலை, ஒரு ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளை இருக்கிற கியூபாச் சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவ வந்தன். முதலாளி மீர்த்தா, கியூபாக்காரி, சிசிலியாக்காரனைக் கட்டி இஞ்சை வந்தவ. அவவின்ரை சமையல்காரன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப்போட்டுப் போயிட்டான்.

கடையைப் பூட்டேலாது. அதாலை மீர்த்தா என்னைக் கூப்பிட்டு, கியூபாச் சமையல்காரன் ஒருத்தன் கிடைக்கிறவரைக்கும் அடுப்பிலை நில், கிடைச்ச உடனை திரும்பக் கோப்பைக்குப் போ எண்டா. நான் ஓமெண்டன். வாய்தான் ஓமெண்டது. இத்தனை வருசமா ஆற்றையோ ஊத்தையைக் கழுவின எனக்கு அந்த அடுப்பு வேணும் போலை கிடந்தது. சமையல்காரி எண்டு என்னை நாலு பேர் சொல்லவேணும். விடுறதில்லை எண்டு அண்டைக்கே நினைச்சிட்டன்.

வடிச்சு ஊத்தின தண்ணி

கியூபா ஆக்களுக்குக் கறுப்பு பீன்ஸ் இல்லாமல் சோறு இறங்காது. கோப்பை கழுவிக்கொண்டு நிண்ட காலத்திலை அதைச் சமைக்கிறதைப் பின்னாலை நிண்டு பார்த்திருக்கிறன். ஆனால் பார்த்தது வேறை, செய்யிறது வேறை. முதல் நாள் பீன்ஸை அவிச்சன், எங்கடை கௌப்பி அவிக்கிற மாதிரி. அவிஞ்ச உடனை கை தன்ரை பாட்டிலை சட்டியைத் தூக்கித் தண்ணியை வடிச்சு ஊத்திப்போட்டுது. மை மாதிரிக் கறுத்த தண்ணி எல்லாம் பீலிக்குள்ளை போச்சுது. அந்தத் தண்ணியிலைதான் சோறு அவியவேணும் எண்டு எனக்கு ஆர் சொன்னது?

வெளியிலை முதல் மேசையிலை ரொலாந்தோ இருந்தார். ரெயில் ஸ்தாசியோனேக்குக் கிட்டத் தலைமயிர் வெட்டுற கியூபாக்காரர், ஒவ்வொரு மத்தியானமும் இஞ்சைதான் சாப்பாடு. மீர்த்தாவுக்கு அவரிலை பயம். அவர் முகம் சுழிச்சால் மற்றக் கியூபாக்காரரும் வராயினம். நான் கதவிடுக்காலை பார்த்துக்கொண்டு நிண்டன். மனுசன் பிளேற்றைப் பார்த்தார், மீர்த்தாவைப் பார்த்தார், முள்ளுக்கரண்டியைக் கீழை வைச்சார். பிறகு நல்ல மரியாதையாச் சொன்னார்: "வெள்ளைச் சோறு தின்ன ஆசைப்பட்டிருந்தால் நான் நேரை சீனக் கடைக்குப் போயிருப்பனே, மீர்த்தா."

தேன்நிலவுக்குப் போன சினோரா

அடுத்தநாள் தண்ணியை வடிக்கேல்லை. உள்ளியும் சின்னச்சீரகமும் பிரிஞ்சி இலையும் எண்ணெயிலை வதக்கி, கறுப்புத் தண்ணியோடை கொட்டி, அதுக்குள்ளையே அரிசியை அவிச்சன். ரொலாந்தோ பிளேற்றை வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டார். நல்லம் எண்டு ஒரு வாய் சொல்லேல்லை. பரவாயில்லை, கழுவ வந்த பிளேற் எனக்குச் சொல்லிச்சுது.

கொஞ்ச நாளாலை இத்தாலி ஆக்களும் கூட வரத் தொடங்கிச்சினம். மீர்த்தாவுக்கு ஒரு கவலை. கியூபாக் கடையிலை இலங்கைக்காரி சமைக்கிறாள் எண்டு தெரிஞ்சால் மானம் போகுமாம். "வெளியிலை தலை காட்டாதை" எண்டு கட்டளை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சமைக்க நான் வேணும், பார்க்க நான் வேண்டாமோ?

ஒரு சனிக்கிழமை ஒரு சினோரா, புருசனையும் இழுத்துக்கொண்டு நேரை குசினி வாசலுக்கே வந்திட்டா. கையிலை போன், படம் எடுக்கவேணுமாம். தேன்நிலவுக்குக் கியூபா போனவவாம், அந்த ஆக்களின்ரை முகம் தனக்கு எங்கை கண்டாலும் தெரியுமாம். என்னை மேலை கீழை பார்த்துப்போட்டு, "நீங்கள் கியூபாவிலை சான்டியாகோ, என்ன?" எண்டு கேட்டா. மீர்த்தா பின்னாலை நிண்டு ஓமெண்டு சொல்லு எண்டு கண்ணைக் காட்டுறா. என்ரை வாய்க்குப் பொய் சொல்ல மனமில்லை. "இல்லை சினோரா, மன்னார்" எண்டன். மீர்த்தாவின்ரை முகம் செத்துப்போச்சுது. சினோரா புருசன்ரை கையைப் பிடிச்சு உலுப்பினா: "மன்னார், ஞாபகம் இருக்கோ, பஸ்ஸிலை அதாலை போனனாங்களே, அந்தக் கடற்கரை எவ்வளவு வடிவு."

பாண் கேட்ட ஐயா

பக்கத்து ஒழுங்கையிலை சப்பாத்துத் தைக்கிற சிசிலியா ஐயா ஒருத்தர் இருக்கிறார். சோறும் பீன்ஸும் பொரிச்ச வாழைக்காயும் முன்னாலை வைச்சால், பாண் எங்கை எண்டு கேக்கிறார். இது சோறு ஐயா, சோத்துக்குப் பாண் தேவையில்லை எண்டு மீர்த்தா மூண்டு விதமா விளங்கப்படுத்திப் பார்த்தா. மனுசன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் என்ரை சாப்பாட்டுக்கு எண்டு பல்லரோச் சந்தையிலை வாங்கி வைச்சிருந்த பாணிலை பாதியை முறிச்சுக் குடுத்து விட்டன். பீன்ஸிலை தோய்ச்சு ஒரு வாய் வைச்சுப்போட்டு ஐயா சொன்னார்: "இப்பதான் இது சாப்பாடு, இவ்வளவு நேரமும் இது பேச்சு."

இஞ்சியும் மரவள்ளியும்

இனித்தான் நான் மாட்டுப்பட்ட கதை. கியூபா ஆக்கள் யூக்கா எண்டு சொல்லுறது வேறை ஒண்டுமில்லை, எங்கடை மரவள்ளிக் கிழங்கு. அதை அவிச்சு, உள்ளியும் புளித் தோடம்பழச் சாறும் கொதி எண்ணெயிலை போட்டு மேலாலை ஊத்துவினம். அவிக்கிறது எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. மரவள்ளியோடை இஞ்சி சேரக்கூடாது எண்டும் எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஊரிலை மரவள்ளி அவிச்ச நாளிலை இஞ்சித் தேத்தண்ணி கூட ஊத்தமாட்டம். நஞ்சு எண்டு சொல்லுவினம். நீங்களும் அப்பிடித்தானே வளந்தனீங்கள்?

அண்டைக்கு ரெண்டு பல்கலைக்கழகப் பெடியள். பிளேற் நிறைய என்ரை மரவள்ளி, பக்கத்திலை றம்மும் இஞ்சிச் சோடாவும் கலந்த ரெண்டு கிளாஸ். கதவிடுக்காலை கண்ட உடனை அடுப்பை அணைக்க மறந்துபோனன். தலை காட்டாதை எண்ட கட்டளையும் மறந்துபோச்சுது. அகப்பையோடையே ஓடினன். ரெண்டு கிளாஸையும் பறிச்செடுத்து, "பிள்ளையள், குடியாதையுங்கோ, செத்துப்போவியள்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இத்தாலியன் எல்லாத்தையும் சேர்த்துச் சத்தம் போட்டன். கடை முழுக்கக் கையிலை எடுத்த கரண்டியோடை அப்பிடியே இருந்தது.

மீர்த்தா என்னை இழுத்துக்கொண்டு உள்ளை போய், தங்கடை நாட்டிலை காலங்காலமா ரெண்டையும் சேர்த்துத்தான் விழுங்குகினம், ஒருத்தரும் சாகேல்லை எண்டு பேசினா. "நாளைக்கு மிலானுக்குப் போன் அடிக்கிறன், அங்கை ஒரு நல்ல கியூபாச் சமையல்காரன் இருக்கிறான்" எண்டும் சொல்லிப்போட்டா. எனக்கு அடுப்பைப் பிடிச்சுக்கொண்டு அழுகை வந்தது. வெளியிலை அந்தப் பெடியள் சிரிச்சுச் சிரிச்சுத் தண்ணி குடிச்சாங்கள், கிளாஸைத் திரும்பக் கேக்கேல்லை. போகேக்கை ஒருத்தன் குசினிப் பக்கம் தலையை நீட்டினான்: "நான் வீட்டை விட்டு வந்ததே என்ரை அம்மாவிட்டையிருந்து தப்பத்தான், சினோரா, நீங்கள் இஞ்சை முதலே வந்து நிக்கிறியள்."

தவக்கால வெள்ளி

எங்கடை ஆக்கள் வெளியிலை காசு குடுத்துச் சாப்பிடுறது குறைவு. ஆனால் ஜெசிந்தா கியூபாக்காரருக்குச் சமைக்கிறாளாம் எண்ட கதை எங்கடை ஆக்கள் இருக்கிற ஒரேத்தோப் பக்கம் முழுக்கப் பரவிப்போச்சுது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், சிலுவைப்பாதை முடிஞ்ச கையோடை, திரேசாக்கா ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நிண்டா. திரேசாக்கா யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி. எங்கடை கோயில் பங்கிலை அவ நல்லம் எண்டால் நல்லம், கூடாது எண்டால் கூடாது.

வந்ததுதான் வந்தினம், இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளியிலையோ வரவேணும்? கடையிலை இருக்கிறது எல்லாம் பண்டி இறைச்சி. பீன்ஸுக்குள்ளையும் பண்டிதான். மீர்த்தா தலையிலை கையை வைச்சிட்டா. நான் வைக்கேல்லை. கியூபாவிலை ஒரு பக்கத்திலை மீனைத் தேங்காய்ப்பாலிலை சமைப்பினம் எண்டு ரொலாந்தோ ஒருக்காச் சொன்னது ஞாபகம் வந்தது. தேங்காய்ப்பாலைக் கண்டால் என்ரை கைக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லையே. பண்டி போடாமல் ஒரு சட்டி பீன்ஸ், பல்லரோவுக்கு ஓடி வாங்கின மீன் ஒரு சட்டி, வாழைக்காய். ஒண்டும் மிஞ்சேல்லை. மீர்த்தா கண்ணைத் தேய்ச்சுத் தேய்ச்சு மேசையளைப் பார்த்தா.

திரேசாக்கா வாயைத் துடைச்சுப்போட்டு என்னைக் கூப்பிட்டா. கையைத் துடைச்சுக்கொண்டு நான் போய் நிண்டன். மிலான் சமையல்காரனுக்குக் கூட நான் அவ்வளவு பயப்பிடேல்லை. "நல்லாயிருக்கடி பிள்ளை, ஒரு குறையும் இல்லை" எண்டு தொடங்கினா. "எங்கடை சாப்பாடேதான், காய்ச்சல்காரருக்குச் சமைச்ச மாதிரி."

மிலானிலையிருந்து வந்தவன்

ஈஸ்டர் முடிஞ்ச ஞாயிறு அவன் வந்தான். பேர் ஒஸ்மானி, ஊர் ஹவானா. தன்ரை கத்தியளைத் துணியிலை சுத்திக்கொண்டு வந்தவன். அண்டைக்குக் கியூபாக் குடும்பம் ஒண்டின்ரை பிள்ளைக்கு ஞானஸ்நானம், சிசிலியாவிலை உள்ள சொந்தமெல்லாம் சாப்பிட வருகினம். அவை நல்லம் எண்டு சொன்னால் அடுப்பு அவனுக்கு. மீர்த்தா என்னைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னா. நான் கையுறையைப் போட்டுக்கொண்டு கோப்பைக்குப் போனன். வேலையாக்கள் சாப்பிட எண்டு பின் அடுப்பிலை ஒரு சட்டி பீன்ஸ் மட்டும் என்ரை பாட்டிலை வைச்சன். பகிடிக்கு இல்லை, வீம்புக்குத்தான்.

பொய் சொல்லக்கூடாது, அவன் கெட்டிக்காரன். இறைச்சி கரைஞ்சுது. வெளியிலை கை தட்டிச்சினம். முடிஞ்சுது ஜெசிந்தா எண்டு நினைச்சுக்கொண்டு பிளேற்றை உரஞ்சினன். அப்ப பீன்ஸ் மேசைக்குப் போச்சுது. ஹவானா முறையிலை கொஞ்சம் சீனி போட்ட பீன்ஸ். ரொலாந்தோ சான்டியாகோ ஆள். ஒரு வாய் வைச்சார், "பீன்ஸுக்கு ஆரும் சீனி போடுவினமோ" எண்டார். அவ்வளவுதான். ஹவானா ஆக்கள் எழும்பிச்சினம், சான்டியாகோ ஆக்களும் எழும்பிச்சினம். பெரியம்மா ஒருத்தி கரண்டியாலை மேசையிலை அடிச்சுக் கதைச்சா. பாதிப் பாஷை விளங்காட்டிலும் எனக்கு எல்லாம் விளங்கிச்சுது. கூழுக்கு எதைப் போடுறது எண்டு தீவாரும் மன்னாராரும் பிடிக்கிற சண்டை இதேதான். ஒஸ்மானியும் குசினியாலை வெளியிலை போய், சீனி போடாதவன் காட்டான் எண்டு சொல்லிப்போட்டான். ஞானஸ்நானப் பிள்ளை வீரிட்டு அழுதது.

மீர்த்தா உள்ளை ஓடிவந்து, பின் அடுப்பிலை இருந்த என்ரை சட்டியைத் தூக்கிக்கொண்டு போனா. ரெண்டு பக்கத்துக்கும் அள்ளி அள்ளி வைச்சா. நான் கதவிடுக்கிலை. முதலிலை சந்தேகமா மணந்தினம். பிறகு சாப்பிட்டினம். பிறகு சண்டையை விட்டுப்போட்டுப் பிளேற்றை வழிச்சினம். மேசையிலை அடிச்ச பெரியம்மா ரெண்டாந்தரம் கேட்டா. ஆர் சமைச்சது எண்டு கேட்டினம். மீர்த்தா என்ன பொய்யைச் சொல்லுறது எண்டு முழுசிக்கொண்டு நிக்க, ரொலாந்தோ எழும்பிக் குசினிக் கதவை அகலத் திறந்துவிட்டார். கையுறையாலை தண்ணி வடிய நான் நிக்கிறன். "இவதான். இவ ஹவானாவும் இல்லை, சான்டியாகோவும் இல்லை. இவவின்ரை பீன்ஸை நல்லம் எண்டு சொன்னால் ஒருத்தரும் தோத்துப்போகாயினம்" எண்டார். எல்லாரும் கை தட்டிச்சினம். அந்தத் தட்டு என்ரை நெஞ்சுக்குள்ளை இப்பவும் கேக்குது. சந்தோசத்திலை நான் விக்கி விக்கி அழுதன், எனக்கு அதிலை ஒரு வெக்கமும் இல்லை.

ஒஸ்மானி கத்தியளைத் துணியிலை சுத்திக்கொண்டு, இந்த ஊரிலை கியூபாக்காரர் கூடிப்போயிட்டினம் எண்டு முறைச்சுப்போட்டுப் போனான். மீர்த்தா என்ரை கையைப் பிடிச்சுக் கையுறை ரெண்டையும் தானே கழட்டினா. முகத்தை நேரை பார்த்துச் சொன்னா: "அடுப்பு உன்ரை. இனி ஆர் கேட்டாலும் உன்ரை ஊரைச் சத்தமாச் சொல்லு, இல்லாட்டில் எனக்கு இந்தக் கடையிலை ஒவ்வொரு ஞாயிறும் சண்டை விலக்க ஏலாது."

ஆகவே குசினிச் சனங்களே, பலெர்மோவிலை பேர்போன கியூபாச் சமையல்காரியா வரவேணுமெண்டால் செய்யவேண்டியது ஒண்டே ஒண்டு, கியூபாவிலை பிறக்காமல் இருக்கிறதுதான்.