ஜன்னலில் தெரிந்த புகைபோக்கி

வின்னி அக்ராய்ட், அறுபத்தொரு வயது, பிஸ்கட் ஃபேக்டரியில் இருபது வருஷம் நின்று வேலை பார்த்தவள். அடிக்குப் பயந்து ஓடிவரும் பெண்களுக்கு இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் ரகசியமாக ஒரு வீடு நடத்தும் தொண்டு அமைப்பில், வெளியே பேசுகிற வேலை இப்போது அவளுடையது. யாரிடம், எதை, எப்படிச் சொல்வது என்று மூன்று மாதம் உட்கார்ந்து பதினோரு பக்கத் திட்டம் எழுதினாள். சாரம் ஒரே வரி: எண்ணிக்கையைக் காட்டாதே, ஆளைக் காட்டு.

அந்த ஆள் காரா; புருஷன் அடிக்குத் தப்பி மகளோடு அங்கே வந்து தங்கியிருப்பவள். ரகசிய வீட்டின் சமையலறையில், டீக் கோப்பையோடு, முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றாள். படம் எடுத்தது வின்னி.

திங்கள் காலை அந்தப் படம் போட்ட துண்டறிக்கைகள் அச்சாகி அலுவலகத்துக்கு வந்தன. ஓய்வுபெற்ற தபால்காரர் டெஸ்மண்ட் அவற்றைப் பையில் அடுக்கிக்கொண்டே ஒன்றை உற்றுப் பார்த்தார்.

"பெல் தெருவா இது?"

வின்னி சட்டென்று நிமிர்ந்தாள். அவருக்கு யாரும் சொல்லாத முகவரி அது. "எப்படித் தெரியும்?"

"ஜன்னல்ல பாரு, உச்சி உடைஞ்ச மில்லு சிம்னி. கடைசி ரெண்டு வீட்லேருந்துதான் இப்படித் தெரியும். முப்பது வருஷம் அங்க தபால் போட்டவன் நான்."

"பைய கீழ வைங்க. இத எடுத்துக்கிட்டு யாரும் வெளிய போகாதீங்க."

அமைப்பின் தலைவி முரியல் எழுந்தாள். "இத வெளியிட பன்னெண்டு மணிக்கு மேயர் வர்றாங்க, வின்னி. சிம்னிய யாரு பாக்கப்போறா?"

"காராவோட புருஷன் கூரை வேயுறவன், முரியல். வேற எதப் பாப்பான்?"

முரியல் உட்கார்ந்துவிட்டாள். வின்னி கோட்டைக்கூடப் போடாமல் நூலகத்துக்கு ஓடினாள். காலையில் பெட்டியைப் பிரித்ததும் முதல் தாளைப் பெருமையாக நூலகப் பலகையில் குத்தியது அவள்தான். யாரெல்லாம் பார்க்க வேண்டும் என்று பதினோரு பக்கம். யார் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை.

பலகையில் நாலு குண்டூசி மட்டும் இருந்தது.

"யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க, கண்ணு," என்றாள் நூலகக்காரி. "அதுக்குத்தானே குத்தி வச்சே?"

"யாரு?"

"நான் கவனிக்கல."

வின்னி வாசலுக்கு வந்து ஃபோனை எடுத்தாள். "காரா, சாமான எடுத்து வை. இப்பவே."

"அவன் பாத்துட்டானா?"

"தெரியல. தெரியிற வரைக்கும் உக்காந்திருக்க முடியாது. அந்தப் படத்துல வீடு தெரியுது. தப்பு என்னோடது."

மறுமுனையில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நேத்துதான் பெட்டியக் காலி பண்ணி அலமாரில அடுக்கினேன், வின்னி."

"திரும்ப அடுக்கு. பாப்பாவ ஸ்கூல்லேருந்து கூட்டிக்கிட்டு வர்றேன். நான் வந்து கூப்பிடாம கதவத் திறக்காத."