குறை சொல்லத் தெரியாத விருந்தாளி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. திருவேற்காட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலில் காபி கேட்டேன். டீ வந்தது.

குடித்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கொண்டு வந்து வைத்தவர், “காபி எப்டி சார் கீது?” என்று கேட்டார். “நல்லாருக்குங்க” என்றேன். கிளம்பும்போது டம்ளரை நானே எடுத்துப் போய்க் கழுவும் இடத்தில் வைத்தேன். மேஜையில் சிந்தியிருந்த இரண்டு சொட்டையும் துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மகள் பவித்ரா.

“அப்பா, உன்ன மாதிரி நாலு கஸ்டமர் இருந்தா எங்க டிபார்ட்மென்ட்டையே மூடிடலாம்.”

அவள் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் மேலாண்மை படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. இந்தப் படிப்பின் பெயரைத் தடுமாறாமல் சொல்லவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தொழில், கல்யாணப் பந்தியில் பரிமாறுவது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை நான் சாம்பார் வாளி தூக்காத மண்டபம் இல்லை.

பேச வேண்டிய இடங்களில் எனக்கு வாய் வராது. பத்திரிகையில் இந்தப் பக்கத்தை எழுத ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்... எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லையே!

மகள் இந்தப் படிப்பில் சேர்ந்ததும் எங்கள் கேட்டரிங் மேஸ்திரி கன்னியப்பன் கேட்டார்: “இன்னா அண்ணாத்தே, பரிமாறத்துக்கு மூணு வருசம் படிக்கணுமா? நீ ஒரே முகூர்த்தத்துல கத்துக்கினியே!”

நான் வழக்கம்போலச் சிரித்து வைத்தேன். பதில் தெரிந்திருந்தால்தானே சொல்ல?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பவித்ராவுக்குச் செய்முறைத் தேர்வு. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நிஜமான ஓட்டல் போல ஒரு சாப்பாட்டுக்கூடம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மேஜை. ஒவ்வொருவரும் வெளியிலிருந்து ஒரு விருந்தாளியை அழைத்து வர வேண்டும். வரவேற்பது முதல் ஐஸ்கிரீம் வரை அவருக்குப் பரிமாற வேண்டும். நகரத்தில் பெரிய ஓட்டலில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து மதிப்பெண் போடுவார்.

இதில் முக்கியமான கட்டம் ஒன்று உண்டு. விருந்தாளி ஏதாவது ஒரு குறை சொல்ல வேண்டும். பரிமாறுபவர் அதைச் சமாளிக்க வேண்டும். காது கொடுத்துக் கேட்பது, மன்னிப்புக் கேட்பது, சரி செய்வது, நன்றி சொல்வது — நான்கு படி. விருந்தாளி குறையே சொல்லாவிட்டால்? அந்தப் பகுதிக்கு சைபர். சைபர் வாங்கினால் பெரிய ஓட்டல் பயிற்சிக்கான பட்டியலில் பெயர் வராது. அந்தப் பட்டியலில் வருவதற்காகத்தான் அவள் இரண்டு வருடமாக விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடிக்கிறாள்.

விருந்தாளியாக முதலில் ஏற்பாடாகியிருந்தது என் மனைவி தேவகி. மிகச் சரியான தேர்வு. குறை சொல்வதில் அவளுக்கு யாரும் பயிற்சி தரத் தேவையில்லை... இதற்கு என்னைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

காபி கேட்டு டீ குடித்துவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்தபோது தேவகி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கிறாள்.

“செவ்வாக்கெழமை சரக்கு போவுதாம். லீவு எல்லாம் கேன்சல்னுட்டான் சூப்ரவைசர். நான் எப்டிடி வர்றது?”

பவித்ரா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் குடித்த டீ தெரிந்தது.

அன்று மாலையே ஒத்திகை ஆரம்பம். ரசம்தான் சூப். கிண்ணத்தில் கொண்டு வந்து பணிவாக வைத்தாள். “உங்க சூப் சார்.” நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: சூப் ஆறிப்போயிருக்கிறது.

“சூப்பு...”

“சொல்லுங்க சார்.”

“சூப்பு... கொஞ்சம்... பரவால்லமா, நான் குடிச்சுக்கறேன்.”

“அப்பா!”

தேவகியால் பொறுக்க முடியவில்லை. என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வாய் உறிஞ்சினாள். “இன்னாம்மா இது சூப்பா, கை கழுவுற தண்ணியா? கூப்புடு உன் மேனேஜர!”

“அம்மா, நீ வந்தா எனக்கு முழு மார்க்கும்மா” என்று பவித்ரா ஏறக்குறைய அழுதேவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் காலை ஆறு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். ஸ்பூன், முள்கரண்டி எல்லாம் பளபளப்பாகத் துடைத்து வைக்க வேண்டுமாம். “ஒண்ணுமே துன்னாம ஓடிப்போச்சு, ரெண்டு இட்லி வச்சேன், அப்டியே கீது” என்று தேவகி வேலைக்குக் கிளம்பும்போது புலம்பினாள்.

நான் பத்தரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் ஒருவர் காலை அகட்டி ஒன்றரை இடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாதி உடம்பு வெளியே. நல்ல சந்தர்ப்பம், பயிற்சி எடுத்துக்கொள்ளலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவர் திரும்பினார். “இன்னா?”

“ஒண்ணுமில்ல சார்... வசதியா உக்காருங்க.”

பூந்தமல்லி வரை பாதி உடம்போடு போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து பஸ்.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். என்னிடம் இருக்கும் நல்ல உடுப்பு, நான் பந்திக்குப் போடும் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும்தான். அதையே போட்டுக்கொண்டு போயிருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் பரிமாறும் மாணவர்கள் அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட்! வாசலில் நின்ற ஆசிரியர் என்னைப் பார்த்து, “சர்வீஸ் ஆளுங்கல்லாம் பின்பக்கமா வாங்க” என்றார். நானும் பின்பக்கமாகப் போக ஆரம்பித்துவிட்டேன். பவித்ரா ஓடி வந்து தடுத்து, மூச்சு வாங்க, “குட் ஆஃப்டர்நூன் சார், வெல்கம்” என்றாள்.

பெற்ற மகள் சார் என்று கூப்பிட்டால் என்ன செய்வது? நானும் கும்பிட்டேன்.

நாற்காலியை இழுத்து உட்கார வைத்தாள். மேஜையில் வெள்ளைத் துணியை விசிறி போல மடித்து வைத்திருந்தார்கள். யாரோ பாடுபட்டு மடித்தது. பிரிக்க மனம் வரவில்லை. என் கைக்குட்டையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டேன். அவள் அருகே வரும்போதெல்லாம் அனிச்சையாக எழுந்து நின்றேன். பந்தியில் உட்காருவது எனக்குப் பழக்கமில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சமையற்கட்டில் நின்றபடி சாப்பிட்டே பழகிய உடம்பு.

“உக்காருங்க சார்” என்று சிரித்தபடி சொன்னாள். பிறகு உதட்டை அசைக்காமல், “உக்காருப்பா” என்றாள்.

பக்கத்து மேஜையில் ஒரு பையனின் பெரியப்பா. முகப்பேரில் ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராம். அடடா, என்ன திறமை! நாற்காலி ஆடுகிறது என்றார். ஏ.சி. நேராக மண்டையில் அடிக்கிறது என்றார். “தம்பி, இந்த சூப்ல உப்பு யார் போட்டது? அவரக் கூப்பிடுங்க, நான் பார்க்கணும்” என்றார். பையன் ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டான், சரி செய்தான், நன்றி சொன்னான். மதிப்பெண் போட வந்திருந்த மேடம் அட்டையில் குறித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கும் சூப் வந்தது. ஆறிப்போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆவி பறந்துகொண்டிருந்தது! வாயைச் சுட்டுக்கொண்டேன்.

“சூப் எப்படி இருக்கு சார்?” என்றாள். மேடம் பின்னாலேயே நின்றார்.

“நல்லா... இருக்குமா.”

மேடம் நகர்ந்து போனார். பவித்ராவின் சிரிப்பு மட்டும் முகத்தில் நின்றது. கண்ணில் இல்லை.

சாதம் வந்தது. குழைந்துவிட்டது என்று சொல்லலாம். சொல்லவில்லை. ஏன் வாய் வரவில்லை என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பந்தியில் “சாம்பார் ஆறிப்போச்சு” என்று ஒருவர் கத்தும்போது வாளியைப் பிடித்திருப்பவனின் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் அந்த முகம் என்னுடையது. அதை மகள் முகத்தில் எப்படிக் கொண்டுவருவது?

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செயலாளர் என் பக்கம் கையை நீட்டிச் சொடுக்கினார். “ஹலோ... தண்ணி!”

வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஏமாந்துவிட்டார். அவர் ஏமாந்தது சரி. நானும் அல்லவா ஏமாந்தேன்! எழுந்தேன். கூஜாவை எடுத்தேன். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினேன். “வேற எதுனா வேணுங்களா?” என்று வேறு கேட்டேன்.

மேடம் வேகமாக வந்தார்.

“நீங்க கெஸ்ட் தானே?”

“ஆமாங்க... இல்லிங்க... ஆமாங்க.”

அவர் அட்டையில் இரண்டு முறை கோடு போட்டார். இந்த மேஜைக்கு ஒன்று, அந்த மேஜைக்கு ஒன்று. விருந்தாளி எழுந்து தண்ணீர் ஊற்றும் நிலை வந்தால் அது பரிமாறுபவரின் தவறாம். பக்கத்து மேஜைப் பையன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால் மன்னித்துக்கொள்.

ஐஸ்கிரீம் வந்தது. கடைசிச் சந்தர்ப்பம். பவித்ரா கிண்ணத்தை வைக்கும்போது தட்டு லேசாக நடுங்கியது. கிண்ணமும் ஸ்பூனும் உரசி ஒரு சின்னச் சத்தம்.

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். பயத்தில் வருவது வேறு. இது நான்காவது பந்தியில் வருவது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் ஊருக்கெல்லாம் சோறு போடும்போது வாளி இப்படித்தான் ஆடும்.

மேடம் என் அருகே வந்து குனிந்தார். “கடைசியா கேக்கறேன் சார். உங்களுக்கு ஒரு குறையும் இல்லையா?”

“இருக்குதுங்க.”

சொன்னது நான்தானா? பவித்ரா நிமிர்ந்தாள்.

“எனுக்குப் பரிமாறுற பொண்ணு காலைலருந்து ஒண்ணும் துன்னலிங்க. கை ஆடுது. அது பட்டினியா நின்னுகினு இருக்கும்போது எனுக்கு எப்டிங்க எறங்கும்? இது... இது உங்க ஓட்டலோட தப்புங்க.”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. செயலாளர்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மேடம் பவித்ராவைப் பார்த்தார். சமாளி, பார்க்கலாம் என்பது போல.

பவித்ராவின் கண் கலங்கியது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். ஓர் அடி முன்னால் வந்தாள்.

“நீங்க சொல்றது புரியுது சார். சாப்பிடற நேரத்துல உங்களுக்கு இந்தக் கவலை வந்ததுக்கு மன்னிச்சிடுங்க. இந்த சர்வீஸ் முடிஞ்சதும் முதல் வேலையா நான் சாப்பிடுறேன். கவனிச்சு சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார்.” கிண்ணத்தைக் காட்டினாள். “நீங்க ஐஸ்கிரீமை சாப்பிட்டு முடிச்சாதான் என் சர்வீஸ் முடியும் சார். உருகுது.”

மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். நான்கு படியும் இருந்தது.

நான் மூன்றே வாயில் முடித்தேன். பல் கூசியது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். “இந்த மாதிரி கம்ப்ளெயின்ட் இதுவரைக்கும் எங்கிட்ட வந்ததில்ல” என்றார். என்னிடம் சொன்னாரா, அட்டையிடம் சொன்னாரா தெரியவில்லை.

கன்னியப்பனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அப்போதுதான் கிடைத்தது. பரிமாற ஒரு முகூர்த்தம் போதும். எதிரே இருப்பவர் குறை சொல்லும்போது தலை குனியாமல் நிற்கத்தான் மூன்று வருடம் வேண்டியிருக்கிறது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. குனிந்தே நின்றுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. ஐந்து பேர். பவித்ரா நான்காவது. அடுத்த மாதம் பெரிய ஓட்டலுக்குப் பயிற்சிக்குப் போகிறாள். “அந்தத் தண்ணி மட்டும் நீ ஊத்தாம இருந்திருந்தா நான் ரெண்டாவது” என்று தினமும் ஒரு தடவை சொல்லிக்காட்டுகிறாள். அம்மாவின் மகள்.

அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் மத்தியானம் அதே ஓட்டலுக்கு அவளை அழைத்துப் போனேன். காபி கேட்டேன்.

டீ வந்தது.

பவித்ரா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். சரி, இன்று விடுவதில்லை என்று டம்ளரைத் தள்ளி வைத்தேன். வைத்துவிட்டுப் போனவரைக் கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும். திரும்பி வந்தார். தோளில் ஈரத் துண்டு. கையில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி, ஒரு சின்னச் சத்தம்.

“இன்னா சார்?”

“சாப்ட்டீங்களாண்ணே?”

அவர் ஒரு கணம் விழித்தார். “இன்னும் இல்ல சார். மூணு மணிக்கு மேல ஆவும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

டீயைக் குடித்துவிட்டேன். அவர் இன்னும் சாப்பிடவில்லை என்கிற என் புகார் மட்டும் பாக்கி இருக்கிறது... அதைச் சரி செய்ய அங்கே யாரும் பரீட்சை எழுதவில்லை.