இருபத்திரண்டு ஆணிகள்

என் முன்பற்கள் இரண்டும் பொய்ப் பற்கள். கேட்பவர்களிடம் கிரிக்கெட் பந்து பட்டது என்று கால் நூற்றாண்டாகச் சொல்லி வருகிறேன். மனைவிகூட நம்பினாள். நான் மட்டையைத் தொட்டதே இல்லை என்பது அவளுக்கு ஏனோ உறைக்கவில்லை. உண்மை இதுதான்: அந்தப் பற்களை உடைத்தவன் என் மாணவன். அவன் செய்தது சரி. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் இரண்டை எடுத்திருப்பேன்.

போன மாதம் அந்த மாணவனின் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே, மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றுலா விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கேதான். முன்பு பின்கதவாக இருந்த வாசலில் கறுப்புக் கோட் போட்ட சிப்பந்தி என் ஈரக் குடையை வாங்கி, சுவரில் வரிசையாக அடித்திருந்த பெரிய ஆணிகளில் ஒன்றில் மாட்டினார். ஆணிக்கு மேலே மங்கிய வெள்ளைப் பெயின்டில் 14 என்று இருந்தது.

"பழைய காலத்து அலங்காரம் சேர். வெள்ளக்காரங்க நின்னு போட்டோ புடிப்பாங்க" என்றார்.

பலகைத் தரையிலிருந்து, வாட்டப்போட்ட பச்சைக் கொழுந்தின் மணம் வந்தது. மரத்துக்குள் இறங்கிவிட்டால் அந்த மணம் வெளியே போவதில்லை. என் நாக்கு தானாகப் போய்ப் பொய்ப்பல்லைத் தடவியது. அலங்காரமாவது! அவை கத்தி மாட்டும் ஆணிகள்.

அந்தக் கட்டடம் அப்போது ஒரு கல்லூரி. தேயிலை அரைத்த இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டு, அந்த இடத்தில் உட்கார நீள வாங்குகளும் மேசைகளும் போட்டு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நடத்தினார். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குக் கணக்கு ஆசிரியர்களை உருவாக்குவது நோக்கம். அரசாங்க அங்கீகாரம் கிடைத்துவிட்டால் அங்கே வாங்கும் டிப்ளோமாவைக் காட்டி நியமனம் பெறலாம். கிடைக்காவிட்டால் அதைச் சட்டம் போட்டுத் தோட்ட லயத்து வீட்டுச் சுவரில் தொங்கவிடலாம். எல்லாரும் அந்த அங்கீகாரத்துக்காகக் காத்திருந்தார்கள். நான் ஆங்கிலம் கற்பிக்கப் போனேன். வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை என்பதை வீட்டில் "சேவை" என்று சொல்லி வைத்திருந்தேன்.

கல்லூரியின் பெயர் யாருக்கும் தெரியாது. ஹட்டனிலிருந்து வரும் பஸ்ஸில் நடத்துநர் எங்கள் திருப்பத்துக்கு வந்ததும், "வெட்டுக்குத்து எல்லாம் எறங்கு!" என்று கத்துவார். நானும் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்குவேன்.

பெயருக்குக் காரணம் இருந்தது. எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் காலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, இடுப்பளவு வளர்ந்த தேயிலைச் செடியை முழங்காலளவுக்குக் கொத்திச் சாய்த்துவிட்டு, பகல் இரண்டு மணிக்கு வகுப்புக்கு வருவார்கள். லயத்துக்குப் போய் வர நேரமிருக்காது. ஆகவே கத்தியும் கூடவே வரும். கை நீளத்துக்கு வளைந்த கத்தி. விரலளவு கொப்பை ஒரே வீச்சில் துண்டாக்கும். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் அட்சர கணிதம் படித்தால், பார்க்கிறவன் கணிதத்தையா கவனிப்பான்?

கல்லூரிக்குள் ஒரு விதி இருந்தது. பின்கதவு வழியாக வருகிறவன் முதலில் தன் இலக்கமுள்ள ஆணியில் கத்தியை மாட்ட வேண்டும். வகுப்பு முடியும்வரை யாரும் தொடக் கூடாது. முதல் நாள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு நான் அதிபரிடம், அந்தக் கணக்கு வாத்தியாரிடம், ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி, கத்தியோட வாறவனுக்குப் பயப்பிடாதையும். கொப்பி இல்லாமல் வாறவனுக்குத்தான் நான் பயம்."

எனக்குப் பயம் போகவில்லை. அந்த வயதில் துப்பறியும் கதைகளை அளவுக்கு மீறிப் படித்திருந்தேன். சுவரில் கத்தி தொங்கினால் கடைசி அத்தியாயத்தில் அது யாருடைய வயிற்றிலாவது இருக்கும் என்பது என் கல்வி.

பதினான்காம் ஆணிக்காரன் சிவா. அகன்ற தோள், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கணக்கில் புலி, ஆங்கிலத்தில் பரம எதிரி. "சேர், இந்த இங்கிலீசு மட்டும் இல்லன்னா நான் எப்பயோ வாத்தியார் ஆயிருப்பேங்க" என்பான். நியமனம் கிடைத்த அன்றே கத்தியை மகாவலி ஆற்றில் வீசப்போவதாகவும் சொல்லியிருந்தான். அங்கீகாரக் குழு அடுத்த மாதம் வருவதாக இருந்தது. சுவருக்கு வெள்ளை அடிக்கும் வேலைகூடத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் டவுனிலிருந்த பெரிய கல்லூரியை எங்கள் பையன்கள் கரப்பந்தாட்டத்தில் தோற்கடித்தார்கள். வெட்டுக்குத்திடம் தோற்றதை அவர்களால் செரிக்க முடியவில்லை. சனிக்கிழமை மாலை, நான் வினைச்சொல் நடத்திக்கொண்டிருக்கையில், ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். கையில் தண்ணீர்க் குழாய், சைக்கிள் சங்கிலி, பையில் கல். முதல் கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து கரும்பலகையில் பட்டது. இரண்டாவது, முன்வரிசையிலிருந்த ஒருத்தியின் நெற்றியில். இரத்தம் கொப்பியில் சொட்டியது. அவள் கொப்பியைத்தான் முதலில் துடைத்தாள்.

"முன்கதவ சாத்துங்கடா! வாங்குகளத் தூக்கிப் போடு!" என்று சிவா கத்தினான். இருபது பேர் முன்கதவுக்கு வாங்குகளை அண்டை கொடுத்து, தோளால் முட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே குழாயால் இடிக்க இடிக்க, மரம் பிளந்து சிராய்கள் அவர்கள் கழுத்தில் தைத்தன.

நான் கதவைப் பார்க்கவில்லை. கத்திகளைப் பார்த்தேன்.

இருபத்திரண்டு கத்தி. இந்தப் பயல்கள் இப்போது திரும்பி ஓடிவந்து ஆளுக்கொன்றை எடுத்தால்? கொலை. ஒன்றல்ல, பத்து. அங்கீகாரம் போகும், தூக்குமேடைதான் மிச்சம். நானே தடுக்க வேண்டும். கொழுந்துச் சாக்கு ஒன்றை எடுத்து, எல்லாக் கத்திகளையும் அதில் அள்ளிப் போட்டு, தோளில் சுமந்துகொண்டு பின்கதவைத் திறந்து தேயிலைக்குள் ஓடினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல்.

ஐம்பது அடி போயிருப்பேன். பின்னால் அலறல் கேட்டது. அவர்கள் கட்டடத்தைச் சுற்றி வந்து உள்ளே புகுந்துவிட்டார்கள். முன்கதவைத் தாங்கி நின்ற எங்கள் பிள்ளைகளின் முதுகில் குழாய் விழும் சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல வந்தது. ஒருவனுடைய கை முழங்கைக்குக் கீழே தவறான பக்கம் மடங்கித் தொங்கியதைப் பிறகு பார்த்தேன். சங்கிலி பட்ட இன்னொருவனுக்குக் காது பாதிதான் இருந்தது.

அப்போது செடிகளை முறித்துக்கொண்டு ஒருவன் என்னைத் துரத்தி வந்தான். "கத்தியத் தூக்கிட்டு ஓடுறான் பாரு, கள்ள நாயி!" அந்தி மங்கலில் திரும்பினேன். வாங்கின் கால் என் வாயில் இறங்கியது. பல் வாயை விட்டுப் போவது வலிப்பதில்லை, நண்பரே; பனிக்கட்டியைக் கடித்ததுபோல இருக்கிறது. வலி பிறகு வரும், வட்டியோடு.

"ஐயோ, சேரா?" சிவாவின் குரல். "கத்திய ஏன் சேர் எடுத்தீங்க? நாளைக்கி வேலைக்கி வேணுமே!"

அவ்வளவுதான் அவனுக்கிருந்த கவலை. கதவு பிளந்து சிராய் கழுத்தில் தைத்தபோதும் அந்தச் சுவர்ப்பக்கம் யாருடைய கையும் போகவில்லை. இருபத்திரண்டு ஆயுதங்கள் இருந்த கட்டடத்தில், அன்றைக்கு அவற்றை எடுத்த ஒரே ஆள் ஆங்கில விரிவுரையாளன்.

பொலிஸ் ஜீப் வந்ததும் டவுன்காரர்கள் மலையிறங்கி ஓடிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் நாங்கள்: வாயெல்லாம் இரத்தமாக நான், கையில் வாங்குக்காலோடு சிவா, நடுவே ஒரு சாக்குக் கத்தி.

"மே பிஹி காகெத?" கத்திகள் யாருடையவை என்று சிங்களத்தில் கேட்டார் பொலிஸ்காரர்.

"அபே சேர். கப்பாது பிஹி." எங்களுடையவை, கவ்வாத்துக் கத்தி என்று சிவா உள்ளதைச் சொன்னான். அவனை மண்டியிட வைத்து, கையை நீட்டச் சொல்லி, பொல்லால் அடித்தார்கள். விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சாக்கில் அள்ளியவன் நான், இவன் அல்ல என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். எனக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். பல் இல்லாதது வசதியாகப் போயிற்று.

மறுநாள் பத்திரிகையில், "விரிவுரையாளர் மீது கொலைவெறித் தாக்குதல், மாணவரிடமிருந்து இருபத்திரண்டு கத்திகள் மீட்பு" என்று வந்தது. அங்கீகாரக் குழு வரவேயில்லை. வருஷம் முடியுமுன் கல்லூரியை மூடினார்கள். எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. பற்களும் அங்கேதான் கட்டினேன். அந்தப் பத்திரிகைச் செய்தியை மறுத்து எதுவும் எழுதவில்லை. பிறகு எத்தனையோ பெரிய கல்லூரிகளில் படிப்பித்திருக்கிறேன். அங்கெல்லாம் சுவரில் கத்தி இல்லை. முதுகில் அடி விழும்போதும் கதவை விடாமல் பிடித்து நின்ற பிள்ளைகளையும் நான் காணவில்லை.

இப்போது கரும்பலகை இருந்த இடத்தில் மதுச்சாலை. கரப்பந்து மைதானத்தில் வாகனத் தரிப்பிடம். எங்கள் பிள்ளைகள் இரத்தம் துடைத்த வாங்குகளில் ஒன்றுகூட இல்லை. வெட்டுக்குத்து என்று கூப்பிட்டு இறக்க நடத்துநரும் இல்லை. இப்போதுள்ள நடத்துநர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. கெட்ட பெயர்கூட மிஞ்சவில்லை. இருப்பது ஆணிகள்தான்.

சிவா மரக்கறி லொறி ஓட்டுகிறார். வரவேற்பில் பட்டு வேட்டியோடு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கியபடியே இருந்தன. இலையில் பாயசம் விழுந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும், சிவா."

"அத விடுங்க சேர். வாயில பல்லே இல்ல. நீங்க பேசியிருந்தாலும் அவனுங்களுக்கு வெளங்கியிருக்காது." இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, என் காதருகே குனிந்தார். "ஆனா, போகும்போது அந்தப் பின்கதவயாவது சாத்திட்டுப் போயிருக்கலாம் சேர்."