அச்சில் வராத கனம்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பல்செட் அக்கா. வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவள். யார் வாயையும் அவள் பார்த்தது கிடையாது. ஈறின் அச்சு மட்டும் டப்பாவில் வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, வார்ப்பின் மேல் பல் அடுக்கி, தேய்த்து மினுக்கி அனுப்பிவிடுவாள். எங்கோ ஒருவர் வாயில் அது கச்சிதமாகப் போய் உட்காரும். "ஆளையே பார்க்காம அளவு சொல்லுவேன்" என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் பிற்பாடு அவள் காலை வாரியது.

விஷயம், அப்பா விட்டுப்போன பித்தளைத் தொலைநோக்கி. அப்பாவுக்கே அது பழைய சாமான் கடையில் கிடைத்ததுதான். ஆறு மாதம் அண்ணன் வீட்டில், ஆறு மாதம் தங்கையான இவள் வீட்டில் என்று பேச்சு. பேச்சு பேச்சாகவே இருந்தது. தொலைநோக்கி அண்ணன் வீட்டு பீரோவின் மேல் பழைய போர்வைக்குள் படுத்துக் கிடந்தது. அவன் அதை எடுத்துப் பார்ப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. சின்ன வயதிலும் இதே கதைதான். "இரு, அண்ணன் பார்த்து முடிக்கட்டும்" என்பார் அப்பா. அண்ணன் பார்த்து முடிப்பதற்குள் இவள் நின்றபடியே தூங்கிப்போவாள். இப்போது அவளுக்கென்று ஒரு மொட்டைமாடி இருக்கிறது. இஷ்டம்போல, யாரும் பின்னால் நிற்காமல், ஆற அமரப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"தாராளமா எடுத்துட்டுப் போ பாப்பா. நான் வேணாம்னா சொன்னேன்?" என்றான் அண்ணன். "ஆனா மரத்துல நல்ல பெட்டி வேணும். போர்வையில சுத்தி எடுத்துட்டுப் போக அது என்ன கைக்குழந்தையா?"

தச்சரிடம் போனாள். "சாமானைக் கொண்டு வாங்கம்மா. அளவு பார்க்காம பெட்டி செஞ்சா அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க" என்றார் அவர்.

அண்ணனிடம் வந்தாள். "பெட்டி இல்லாம வாசப்படி தாண்டாது" என்றான். தச்சரையே வீட்டுக்கு அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். "கண்டவங்க கை அது மேல படக்கூடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு, தானே செய்வது என்று முடிவு கட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை களிமண், பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றோடும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். தொலைநோக்கியைத் தாளால் சுற்றி, களிமண் தட்டில் மெல்ல அழுத்தி அச்செடுத்தாள். ஈறுக்கு எடுப்பது போலவே இரண்டு பாதியாக. அண்ணன் தலைமாட்டில் நின்று "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பிரசவம் பார்க்குற மாதிரி இருக்கு. எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க. அவளை வேலை செய்ய விடுங்க."

வீட்டுக்கு வந்து பிளாஸ்டரில் ஒரு வெள்ளைத் தொலைநோக்கி வார்த்தாள். அதை வைத்துக்கொண்டு பெட்டி செய்யத் தொடங்கினாள். பிளாஸ்டர் அவள் சொன்னபடி கேட்கும், மெழுகும் கேட்கும். மரம் கேட்கவில்லை. முதல் பலகை ஆணி இறங்கியதும் விரிந்தது. அடுத்ததை ரம்பம் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒருவழியாக நாலு பக்கமும் சேர்ந்தபோது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

கணவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்படிப் பார்த்தா நேராத்தான் இருக்கு."

"என்னங்க, சும்மா போயிடுங்க. கையில சுத்தியல் இருக்கு."

பிரித்தாள், மறுபடி அறுத்தாள், மறுபடி ஒட்டினாள். பல் வேலையெல்லாம் தேங்கிப்போய் மருத்துவர்கள் போனில் சத்தம் போட்டார்கள். கடைசியில் கீல், கொக்கி, உள்ளே பச்சைக் கம்பளித் துணி என்று பெட்டிக்கு ஒரு முகம் வந்தது. பிளாஸ்டர் பிரதியை உள்ளே வைத்து, சமநிலை பார்த்து, சரியான இடத்தில் கைப்பிடியை முடுக்கினாள். தூக்கினால் தராசு போல நின்றது.

அண்ணன் வீட்டில் நிஜத் தொலைநோக்கி பச்சைத் துணிக்குள் இறங்கியபோது இம்மி இடைவெளி இல்லை. குறை தேடிக் குனிந்த அண்ணன் ஒன்றும் கிடைக்காமல் நிமிர்ந்தான். அவள் மூடினாள், கொக்கியை மாட்டினாள், தூக்கினாள்.

பெட்டி முன்பக்கமாகத் தலைகுப்புறச் சாய்ந்தது. லென்ஸ் பக்கத்து மூலை 'டொக்'கென்று தரையில் இடித்தது.

"ஐயோ!" என்று அண்ணன் பாய்ந்தான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சில் உருவம் வரும், கனம் வராது. பல்லுக்குக் கனம் ஒரு பொருட்டே இல்லை. இத்தனை வருட வேலையில் அதை நினைக்க வேண்டியே வந்ததில்லை. அவள் பிரதி முழுக்கப் பிளாஸ்டர். நிஜமானதோ உள்ளே வெறும் குழல். கனமெல்லாம் முன்னால் இருக்கும் கண்ணாடியில்.

உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அண்ணன், "போதும் பாப்பா. அது இங்கயே இருக்கட்டும்" என்றான்.

"அண்ணி, ஒரு துண்டு குடுங்க."

"எதுக்குடி? அழப்போறியா?"

"பெட்டியைக் கட்டித் தொங்கவிட."

துண்டைப் பெட்டியின் அடியில் வளையமாகக் கொடுத்து, தூக்கித் தூக்கி நகர்த்தினாள். பெட்டி மட்டமாக நின்ற இடத்தில் கோடு போட்டாள். வேலைப்பையில் இருந்த துளைப்பானை எடுத்துக் கைப்பிடியை அங்கே மாற்றினாள். பழைய துளைகள் இரண்டும் மூக்குத் துவாரம் போல முழித்தன. கைப்பிடி ஓர் ஓரமாக அசிங்கமாக இருந்தது.

"காதுல கைப்பிடி வச்ச மாதிரி இருக்கு" என்றான் அண்ணன்.

"தூக்கிப் பாரு."

தூக்கினான். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். பெட்டி அசையவில்லை. அவனுக்கு எரிச்சல்.

"பஸ்ல குலுங்குமே?"

"பஸ்ல போகல."

"ஆட்டோல இன்னும் மோசம்."

"நடந்து போறேன். போதுமா? இல்ல, உருண்டு போகட்டுமா?"

அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். பெட்டி கல்லாய்க் கனத்தது. முனை திரும்பும்போது பார்த்தாள். அண்ணன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"கை மாத்து பாப்பா. குடு, கொஞ்ச தூரம் நான் தூக்குறேன்."

"தொட்டேன்னா தெரியும்."

பாலம், சந்தை, இரண்டு சிக்னல். வழி நெடுக அவன் "பள்ளம், பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் திரும்பவே இல்லை. வீட்டு மேசையில் இருந்த பல்வரிசைகளைக் கணவர் ஓரமாக ஒதுக்க, பெட்டியை வைத்தாள். கைப்பிடியை விட்ட பிறகும் விரல்கள் கொக்கி போல மடங்கியே இருந்தன. பெட்டியைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரத்தில்.

"நின்னு வேடிக்கை பார்க்காத. நீயே திற" என்றாள் அண்ணனிடம்.

அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தான். இரண்டு கையாலும் தொலைநோக்கியை எடுத்து, அவள் மேசை மேல், அவள் பக்கமாக வைத்தான்.

"லென்ஸை விரலால தொடாத."

"தெரியும். நீ கிளம்பு."