சொறிக்கால் கோழிகளும் என் மச்சானும்

கோழிக்குக் கால் பார்க்கிற வேலைக்கு யாரும் ஆள் எடுப்பதில்லை. அது தானாக வந்து ஒருவன் தலையில் உட்கார்ந்துகொள்ளும். என் தலையில் உட்கார்ந்தது எழுபதுகளின் நடுவில். பினாங்கு ஜார்ஜ்டவுனில், பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் ஒரு சீனரின் தீவனக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தவிடு, சோளம், கோழித் தீவனம். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தீவனம் வாங்க வருகிறவர்கள் கோழியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, கால் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். தவுக்கே, அதாவது முதலாளி, கோழியைத் தொடமாட்டார். என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். சம்பளம் என்னவோ மூட்டைக்கு மட்டும்தான்.

வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி காலின் செதிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியது போல் கால் பருத்துவிடும். சொறிக்கால் என்போம். வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் கரைத்துக் காலை ஊறவைக்க வேண்டும். பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். இரண்டு பங்கு தேங்காயெண்ணெயில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்து, முட்டிக்குக் கீழே மட்டும் தடவ வேண்டும். வாரம் ஒரு முறை, நாலு வாரம். கோழி ஏறித் தூங்குகிற கட்டையையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். இதில் ஒன்றையும் விடாமல் செய்தவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும்.

மச்சானின் சேவல்

என் தங்கை சிவகாமியின் புருஷன் ஆயர் ஈத்தாமில் ஒரு செவலைச் சேவல் வைத்திருந்தார். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசாதவர் அந்தச் சேவலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். அதற்குச் சொறிக்கால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், என்ன செய்ய வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி, என் கையாலேயே ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மச்சானுக்குத் தேங்காயெண்ணெய் மேல் நம்பிக்கை இல்லை. அது தலைக்குத் தேய்க்கிறது, அதில் பூச்சி எப்படிச் சாகும் என்று நினைத்திருக்கிறார். அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை அப்படியே வாளியில் ஊற்றி, சேவலைத் தொடை வரைக்கும் முக்கி எடுத்து, காயட்டும் என்று வெயிலில் கட்டிவிட்டார். தோல் வெந்து, மூன்றாம் நாள் சேவல் செத்தது.

விஷயம் கேள்விப்பட்டு ஓடினேன். நான் கொடுத்த தேங்காயெண்ணெய்ப் போத்தலின் மூடிகூடத் திறக்கவில்லை என்று சிவகாமி கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அதை நான் சத்தமாகச் சொன்னேன். மச்சான் காதில் வாங்கவில்லை. தப்பு தன்னுடையது என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வரும் வரை அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்குப் படியிறங்கினேன்; ஏழு வருஷம் மிதிக்கவில்லை. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் என்று சொல்வார்கள். வைத்துக்கொள்ள எனக்கு வேறு இடம் கிடையாது. நான் படியிறங்கும்போது அவர் அக்கம்பக்கத்தாரைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "மூணாவது படிச்சவன் பேச்சைக் கேட்டேன் பாருங்க, என்னைத்தான் செருப்பால அடிக்கணும்!"

கோழி தூங்குகிற இடம்

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் பஸ் பிடித்து டவுனுக்கு வந்துவிட்டது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற லெட்சுமி அக்கா முதல் தடவை கடைக்கு வந்தபோதே, "சேவலைக் கொன்ன ஆளு நீங்கதானா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கோழியைக் கையில் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வார்? கோழியைத் தொட வேறு ஆள் இல்லை.

அவர் கோழிக்கு நாலு வாரத்தில் கால் சரியானது. இரண்டு மாதத்தில் மறுபடியும் சொறி. மறுபடியும் சரி, மறுபடியும் சொறி. நாலாவது தடவை கோழியைப் பார்த்ததும் எனக்கு உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது. கட்டையைக் கழுவினீர்களா என்று கேட்டேன். கட்டையே இல்லை, கோழி தன் வீட்டுக்காரரின் சைக்கிள் பாரில்தான் ஏறித் தூங்குகிறது என்றார். அப்படியென்றால் சைக்கிளைக் கழுவுங்கள் என்றேன். அந்த அம்மாள் கோழியைக் கூடைக்குள் போட்டு மூடிக்கொண்டே சொன்னார்: "அதை அவர்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க அண்ணே, அந்த சைக்கிளை நான் தொட்டா, அப்புறம் எனக்குத்தான் எண்ணெய் போடணும்."

புத்தகத்தில் உள்ளது

சொன்னதைச் சொன்னபடி செய்தவர் ஒரே ஒருவர். கவர்மெண்டில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர். வெள்ளைச் சட்டை, கையில் குடை, குடைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம்.

"தம்பி, நீர் எத்தனையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

"மூணாவதுங்க."

"மூண்டாவதோ?" என்று ஒரு முறை என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, சொல்லும், எழுதுறன். ரெண்டு பங்கு எண்டால் எந்த அளவாலை?"

"எந்த அளவா இருந்தாலும் ரெண்டு பங்கு ரெண்டு பங்குதானுங்க ஐயா."

அதையும் எழுதிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து மூன்று கோழிகளையும் பிரம்புக் கூடையில் வைத்து, மூன்று சக்கரத் திரிஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டினார். பொருக்கு எல்லாம் உதிர்ந்து, கால் மஞ்சளாக, வழவழவென்று இருந்தது. கட்டையைக்கூடக் கழுவி, பழையதைக் கொளுத்திவிட்டுப் புதுசு போட்டிருந்தார். அவ்வளவு வருஷத்தில் எனக்கு வந்த ஒரே சந்தோஷம். இந்த மனிதரை அப்படியே ஆயர் ஈத்தாமுக்குக் கூட்டிப்போய், மச்சான் வீட்டு வாசலில் நிறுத்திப் பேசச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இங்கிலீஷ் புத்தகத்திலையும் இதுதான் கிடக்கு, நீர் சொன்னபடியால்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாய் இருந்தது."

தங்கச்சி வந்த நாள்

அந்த ஏழு வருஷமும் சிவகாமியை நான் பார்த்தது தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோவிலில் மட்டும்தான். தண்ணீர்ப் பந்தல் ஓரமாக நின்று ஐந்து நிமிஷம் பேசுவோம். மச்சான் வருவது தெரிந்தால் கூட்டத்துக்குள் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் பட்டப்பகலில் கடைக்கே வந்து நின்றாள். மகள் ஜானகிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு கடலுக்கு அக்கரையில்; அங்கே புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. இன்னும் இரண்டு மாதம்.

ஜானகிக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன். நான் வராவிட்டால் தூரத்து உறவில் யாரையாவது மாமன் என்று நிறுத்திக்கொள்ளலாம் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் சோளத்தை நிறுத்துக்கொண்டே, "உன் புருஷன் வாயால அந்த ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம் வர்றேன்" என்றேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் வரை போனாள். திரும்பாமலே சொன்னாள்: "அவரு சொல்றதுக்கும் நீ வர்றதுக்கும் நடுவுல எம்பொண்ணு நிக்கிறா, அண்ணே."

தவுக்கேயிடம் சொல்லுங்கள்

கல்யாணத்துக்கு முன்னால் முனியாண்டிக்குப் பூசை போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்கென்று குஞ்சிலிருந்தே ஒரு சேவலை நேர்ந்துவிட்டு வளர்த்திருந்தார்கள். ஊனமுள்ளதைச் சாமிக்குக் கொடுக்கக் கூடாது. நேர்ந்ததை மாற்றவும் கூடாது. அந்தச் சேவலுக்குச் சொறிக்கால் வந்துவிட்டது. சிவகாமி வந்து போன அடுத்த வாரம், மச்சான் சேவலோடு கடைக்குள் நுழைந்தார். நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தவுக்கே, இதுக்குக் கால் சரியாகணும். சாமிக்கு நேர்ந்தது. பூசைக்கு ஒரு மாசம்தான் இருக்கு."

"தவுக்கே, நாலு வாரம் ஆகும், அவசரப்பட்டா நடக்காதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"தவுக்கே, வாராவாரம் நானே கொண்டு வர்றேன்னு சொல்லுங்க."

"தவுக்கே, கட்டையைக் கழுவச் சொல்லுங்க."

"தவுக்கே, இன்னைக்கே கழுவிடுறேன் லா."

ஏழு வருஷமாகக் காத்திருந்த அந்த ஒரு வார்த்தையை அப்போதே கேட்டிருக்கலாம். அவருக்கு நான் வேண்டியிருந்த ஒரே நேரம் அதுதான், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் சேவல் அதற்குள் என் கைக்கு வந்திருந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு பேரம் பேச எனக்கு வரவில்லை. வெந்நீர் போடப் போனேன். கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த தவுக்கே, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அலாமா! ரெண்டு பேரும் என் மூஞ்சி பாக்குது, கோழி காலு யாரு பாக்குது?"

மண்டபத்தில்

நாலு வெள்ளிக்கிழமை மச்சான் வந்தார். நான் காலைத் தேய்த்து எண்ணெய் போடும் வரை தவிட்டு மூட்டை மேல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலாவது வெள்ளி பொருக்கு எல்லாம் விழுந்து கால் சுத்தமாகிவிட்டது. சேவலைத் தூக்கிப் பார்த்தார், துணியில் சுற்றினார், போய்விட்டார். பூசை நல்லபடியாக நடந்தது என்று சிவகாமி சொல்லியனுப்பினாள். வார்த்தை வரவில்லை.

கல்யாணத்தன்று விடிந்த பிறகும் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போனேன். ஜானகிக்காகத்தான். வாசலில் நின்ற மச்சான் என் தலைக்கு மேலே பார்த்து, எனக்கும் எனக்குப் பின்னால் வந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே "வாங்க" போட்டார். மாலை போட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தேன். அவள் கை ஜில்லென்று இருந்தது. "வந்துட்டீங்களா மாமா" என்று மட்டும் கேட்டாள்.

பந்தியில் உட்கார்ந்து இலையில் சோறு விழுவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு வரிசை தள்ளி சாம்பார் வாளியோடு நின்ற மச்சான், பார்க்காதவர் போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வந்தவர் என் பக்கத்தில் குனிந்து சொன்னார்: "நீங்கதானே பொண்ணுக்கு மாமன்? சம்பந்தி ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காரு, கோழியோ வாத்தோ, கால்னு வந்துட்டா பினாங்குல என் மச்சானை விட்டா ஆள் கிடையாது, அவன் சொன்னபடி செஞ்சா தப்பாவே போகாதுன்னு. எங்க வீட்டு வாத்து ஒண்ணு பத்து நாளா நொண்டுது, நாளைக்கு வந்து பார்த்துடுங்களேன் லா."

ஏழு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை சொல்ல வேண்டியவர் வாயால் வராமல் ஒரு நொண்டி வாத்தை முன்னிட்டு இன்னொருவர் வாயால் வந்தது, அதற்கும் மறுநாள் நான்தான் ஃபெரி ஏறிப் போக வேண்டியிருந்தது.